'சே'யா, 'டெல்'லா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் 'சே', 'டெல்' என்ற இரண்டு வினைகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். ஆங்கில வாக்கியங்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. மெல்ல வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். 'சே'யின் இறந்தகாலம் 'செட்', 'டெல்'லின் இறந்தகாலம் 'டோல்ட்'.

1. ரெண்டுக்குமே 'சொல்லு'ன்னுதானே அர்த்தம்? எதுக்கு ரெண்டு வார்த்தை?

தமிழில் 'சொல்' ஒன்றே இரண்டு வேலையையும் பார்த்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலை பங்கு பிரிந்திருக்கிறது. வாயிலிருந்து என்ன வந்தது என்பது முக்கியமானால் 'சே'. விஷயம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது முக்கியமானால் 'டெல்'. தமிழில் 'கூறினார்', 'தெரிவித்தார்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'தெரிவித்தார்' என்றதும் 'யாருக்கு?' என்று மனம் கேட்கிறது. 'டெல்' கிட்டத்தட்ட அந்த ரகம்.

'ஹி செட் ஹி வாஸ் டயர்ட்' என்றால், களைப்பாக இருப்பதாகச் சொன்னான். 'ஹி டோல்ட் மீ ஹி வாஸ் டயர்ட்' என்றால், களைப்பாக இருப்பதாக என்னிடம் சொன்னான். செய்தி ஒன்றுதான். இரண்டாவதில் ஒரு 'மீ' நிற்கிறது, அதை உருவிவிட்டால் வாக்கியம் நொண்டும். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் அந்தச் சின்ன 'மீ'யைப் பற்றித்தான்.

2. ஒரே வரியில் ஞாபகம் வெச்சுக்க வழி இருக்கா?

'டெல்' வந்தால் அடுத்து ஆள்; 'சே' வந்தால் அடுத்து செய்தி. ஆள் என்றால் மீ, யூ, ஹிம், ஹெர், அஸ், தெம், எவ்ரிபடி, த மேனேஜர் என்று யாராகவும் இருக்கலாம். 'சே'யோடு ஆளைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் நடுவில் 'டு' போட வேண்டும்: 'ஷி செட் குட்பை டு அஸ்'.

எழுதி முடித்த பிறகு சரிபார்க்கவும் இது உதவும். 'டோல்ட்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து அடுத்த சொல்லைப் பாருங்கள். அங்கே ஆள் இல்லாவிட்டால் ஆளைச் சேருங்கள், இல்லையென்றால் 'டோல்ட்'டை 'செட்' ஆக்குங்கள். 'செட்' என்பதற்கு அடுத்தே 'மீ', 'ஹிம்' என்று நின்றால் 'டோல்ட்' ஆக்குங்கள். பெரும்பாலான பிழைகள் இந்த ஒரு சோதனையிலேயே சிக்கிவிடும். விதிவிலக்குகள் 7-ஆம் கேள்வியில்.

3. "ஹி டோல்ட் தட் ஹி வாஸ் கமிங்" – இது தப்புன்னு சொல்றாங்க. எங்கே தப்பு?

'டோல்ட்'டுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. 'ஹி டோல்ட் மீ தட் ஹி வாஸ் கமிங்' அல்லது 'ஹி செட் தட் ஹி வாஸ் கமிங்'. இரண்டில் எது வேண்டுமோ அது. கேட்டவர் யார் என்பது தெரியாது, அல்லது அது முக்கியமில்லை என்றால் 'செட்' போதும். 'தட்' என்பதை இரண்டிலுமே விட்டுவிடலாம். பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

தமிழர்கள் வழுக்கி விழும் இடம் இது. காரணமும் வெளிப்படை. 'வருவதாகச் சொன்னான்' என்பது தமிழில் முழு வாக்கியம். 'யாரிடம்?' என்று யாரும் கேட்பதில்லை. இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போகும்போது 'டோல்ட்' தனியாக நின்றுவிடுகிறது. கேட்பவருக்குப் பொருள் புரிந்துவிடும் என்பதால் யாரும் திருத்துவதுமில்லை. அதனால்தான் இந்தப் பிழைக்கு இவ்வளவு ஆயுசு.

4. 'என்னிடம் சொன்னான்' – இதுல 'இடம்' இருக்கே. அப்போ "ஹி டோல்ட் டு மீ"தானே சரி?

இல்லை. 'ஹி டோல்ட் மீ' மட்டும்தான். 'என்னிடம்', 'என்கிட்ட', 'எனக்கு' என்று தமிழில் உருபு ஒட்டியே தீரும். அந்த உருபுக்கு ஈடாக 'டு' தேடுகிறோம். ஆனால் 'டெல்' ஆளை நேராகப் பிடித்துக்கொள்ளும் வினை. 'என்னைப் பார்த்தான்' என்பதற்கு 'ஹி சா மீ' என்கிறோமே, 'சா டு மீ' என்பதில்லையே, அதைப் போலத்தான் 'டோல்ட் மீ'யும்.

உருபுக்கு ஈடு வேண்டும் என்ற உணர்வு சரியாகப் பலிப்பது 'சே'யிடம்தான்: 'ஹி செட் டு மீ'. ஆக, 'டோல்ட் டு மீ' என்பது இரண்டு சரியான அமைப்புகள் ஒட்டிப் பிறந்த ஒரு தவறு. 'செட் மீ' அதன் இரட்டைப் பிறவி, அதுவும் தவறு.

5. எஸ் ஏ ஐ டி – இதை 'சேட்'னு படிக்கணுமா, 'செய்ட்'னா?

இரண்டும் இல்லை. 'ரெட்', 'பெட்' ஆகியவற்றோடு ஒத்து ஒலிக்கும் குறில் 'செட்'. 'சே'யில் நெடிலாக இருக்கும் ஒலி இறந்தகாலத்தில் குறுகிவிடுகிறது. 'ஹி', 'ஷி' இவற்றோடு வரும் 'சேஸ்' என்ற எழுத்துக்கூட்டலும் அப்படியே: எழுத்தைப் பார்த்தால் நெடில், வாயில் 'செஸ்', கடைசி ஒலி தேனீ ரீங்கரிப்பதுபோல் அதிர வேண்டும். 'பே', 'பெய்ட்' என்பதைப் பார்த்து 'சே', 'செய்ட்' என்று போவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

6. 'ஹலோ சொல்லு', 'தேங்க்ஸ் சொல்லு' – இதுக்கெல்லாம் எது?

'சே'. வாயிலிருந்து வரும் சொல்லே இங்கே செய்தி. சே ஹலோ, சே குட்பை, சே சாரி, சே தேங்க் யூ, சே யெஸ், சே நோ. 'கொஞ்சம் பேசுங்கள்' என்று மேடைக்கு அழைக்கும்போது 'சே எ ஃப்யூ வேர்ட்ஸ்'. பிரார்த்தனை சொல்வது 'சே எ ப்ரேயர்'. 'திரும்பச் சொல்லுங்கள்' என்றால் 'சே இட் அகெய்ன்'.

'ஹி டோல்ட் ஓகே', 'ஷி டோல்ட் நோ' என்று கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளலாம். ஹி செட் ஓகே, ஷி செட் நோ.

7. "டெல் த ட்ரூத்"னு சொல்றோமே. அதுல ஆள் எங்கே?

ஆள் இல்லாமல் 'டெல்' வரும் இடங்கள் கொஞ்சம் உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது: டெல் த ட்ரூத், டெல் எ லை, டெல் எ ஸ்டோரி, டெல் எ ஜோக், டெல் எ சீக்ரெட், டெல் ஃபார்ச்சூன்ஸ், டெல் த டைம், டெல் த டிஃபரன்ஸ். உண்மை, பொய், கதை, நகைச்சுவை, ரகசியம், ஜோசியம் எல்லாம் ஒரு முழு விஷயமாக இன்னொருவருக்குக் கைமாறுபவை. கேட்பவர் இருந்தே தீருவார் என்பதால் அவரைச் சொல்லாவிட்டாலும் 'டெல்' கோபித்துக்கொள்வதில்லை. வேண்டுமானால் ஆளை நடுவில் நுழைக்கலாம்: 'டெல் மீ த ட்ரூத்', 'ஹி டோல்ட் அஸ் எ ஜோக்'.

கடைசி இரண்டும் வேறு ரகம். 'டெல் த டைம்' என்பது கடிகாரம் பார்த்து மணி சொல்லத் தெரிவது. 'டெல் த டிஃபரன்ஸ்' என்பது வித்தியாசம் கண்டுபிடிப்பது. இங்கே வாய் திறக்கவே வேண்டாம். 17-ஆம் கேள்வியில் விரிவாக.

இன்னொன்றும் உண்டு. 'ஐ வோன்ட் டெல்' என்று எதுவுமே தொடராமல் முடித்தால், 'யாரிடமும் போட்டு உடைக்க மாட்டேன்' என்று பொருள். ரகசியத்தை வெளிவிடுவது என்ற பொருளில் 'டெல்' தனியாக நிற்கும்.

8. 'அவர் என்னை வரச் சொன்னார்' – இதை எப்படி எழுதறது?

'ஹி டோல்ட் மீ டு கம்.' தமிழில் 'வருவதாகச் சொன்னார்', 'வரச் சொன்னார்' இரண்டுமே 'சொன்னார்'தான். முதலாவதில் வரப்போவது அவர், இரண்டாவதில் வரவேண்டியது நான். ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'ஹி செட் ஹி வாஸ் கமிங்', இரண்டாவதற்கு 'ஹி டோல்ட் மீ டு கம்'. 'செய்யச் சொல்', 'இருக்கச் சொல்', 'கொடுக்கச் சொல்' என்று தமிழில் 'ச் சொல்' வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் 'டெல்', ஆள், 'டு', வினை என்ற வரிசை. 'ஹி செட் மீ டு கம்' தவறு.

'போகாதே என்றார்' என்பதற்கு 'நாட்' எங்கே நிற்கும் என்பதையும் கவனியுங்கள்: 'ஹி டோல்ட் மீ நாட் டு கோ'. 'டோன்ட்'டை இதற்குள் கொண்டுவந்து 'டோல்ட் மீ டு டோன்ட் கோ' என்று எழுதக்கூடாது. ஒரு எச்சரிக்கை: இந்த அமைப்பில் அதிகாரத் தொனி இருக்கிறது. மேலதிகாரியை நீங்கள் வரச்சொன்னதை 'ஐ டோல்ட் ஹிம் டு கம்' என்றால் ஏவியது போலாகிவிடும். 'ஐ ஆஸ்க்ட் ஹிம் டு கம்' என்றால் மரியாதை காப்பாற்றப்படும்.

9. "த டாக்டர் செட் டு ரெஸ்ட்"னு ஒரு இடத்துல படிச்சேன். இது தப்பில்லையா?

தப்பில்லை. பேச்சு வழக்கில் 'சே'க்கு அடுத்து 'டு' போட்டு வினையை வைப்பது உண்டு. 'ஓய்வெடுக்கச் சொன்னார் டாக்டர்' என்ற அளவில் பொருள் வரும். யாரை என்பது சொல்லப்படாமல் நிற்கும், அவ்வளவுதான். ஆளை நுழைக்க நினைத்த கணமே 'டெல்'லுக்கு மாறிவிடுங்கள்: 'த டாக்டர் டோல்ட் மீ டு ரெஸ்ட்'. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் இந்த இரண்டாவதே நல்லது.

10. "ஹி செட் அபௌட் ஹிஸ் ஜாப்" – 'வேலையைப் பற்றிச் சொன்னான்'. சரியா?

சரியில்லை. 'சே'க்கும் 'அபௌட்'டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு செய்தி வேண்டும்: 'ஹி செட் சம்திங் அபௌட் ஹிஸ் ஜாப்', 'ஹி செட் நத்திங் அபௌட் இட்'. கேள்வியில் 'வாட்' அந்த இடத்தை நிரப்பிவிடும்: 'வாட் டிட் ஹி சே அபௌட் இட்?'

'பற்றிச் சொன்னான்' என்பதற்கு நேரான வழி 'ஹி டோல்ட் மீ அபௌட் ஹிஸ் ஜாப்'. கேட்டவரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் இரண்டு வினைகளையும் விட்டுவிட்டு 'ஹி டாக்ட் அபௌட் ஹிஸ் ஜாப்' என்று போங்கள்.

11. 'ஏன்னு சொல்லல', 'எங்கேன்னு சொல்லல' – இதுக்கு?

இரண்டும் வரும். 'ஷி டிடன்ட் சே வை', 'ஷி டிடன்ட் டெல் மீ வை'. முதலாவதில் அவள் பொதுவாகக் காரணம் சொல்லவில்லை. இரண்டாவதில் எனக்குச் சொல்லவில்லை. வேறு யாருக்காவது சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் 'மீ'யில் ஒளிந்திருக்கிறது. 'ஷி டிடன்ட் டெல் வை' என்று ஆளை விட்டுவிட்டு எழுதுவதுதான் 3-ஆம் கேள்வியில் பார்த்த அதே வழுக்கல்.

12. ஒருத்தர் பேசினதை மேற்கோள் குறிக்குள்ள அப்படியே எழுதும்போது எது வரும்?

பெரும்பாலும் 'செட்'. அதில் ஒரு சௌகரியமும் உண்டு: பெயருக்கு முன்னால் தூக்கிப் போடலாம். 'ஐ ஆம் லேட், செட் ரவி' என்று முடிக்கலாம். 'டோல்ட் ரவி' என்று அப்படி முடித்தால், ரவிதான் பேசினான் என்ற பொருளே வராது. ரவியிடம் யாரோ சொன்னதுபோல் ஆகிவிடும்.

'டோல்ட்'டும் நேர்கூற்றோடு வரும், ஆள் கூடவே இருந்தால்: 'ஐ ஆம் லேட், ஹி டோல்ட் மீ'. ஆனால் உள்ளே இருப்பது கேள்வியாக இருந்தால் 'டோல்ட்' வரவே கூடாது. 'வேர் ஆர் யூ?' என்பதற்குப் பின்னால் 'ஹி செட்' வரலாம், 'ஹி ஆஸ்க்ட்' வரலாம், 'ஹி டோல்ட் மீ' வராது. 'டெல்' தகவலைக் கொடுக்கும் வினை. கேள்வி தகவலை வாங்கும் வேலை.

13. ஸ்கூல்ல 'செட் டு' வந்தா 'டோல்ட்' ஆக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. எப்பவுமே அப்படித்தானா?

எப்போதும் இல்லை. நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது உள்ளே இருக்கும் வாக்கியத்தின் வகையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாதாரணச் செய்தி என்றால் பள்ளியில் சொன்னது சரி: 'ஹி செட் டு மீ, ஐ ஆம் பிஸி' என்பது 'ஹி டோல்ட் மீ தட் ஹி வாஸ் பிஸி' ஆகும். 'ஹி செட் டு மீ தட்' என்று எழுதினால் இலக்கணப் பிழை கிடையாது, ஆனால் 'டோல்ட் மீ' இருக்கும்போது யாரும் அந்தச் சுற்றுவழியில் போவதில்லை. கேள்வி என்றால் 'ஆஸ்க்ட்': 'ஷி செட் டு மீ, வேர் டு யூ லிவ்?' என்பது 'ஷி ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்'. கட்டளை என்றால் 8-ஆம் கேள்வியின் அமைப்பு: 'ஹி டோல்ட் மீ டு க்ளோஸ் த டோர்'. 'ப்ளீஸ்' இருந்தால் 'டோல்ட்'டுக்குப் பதில் 'ஆஸ்க்ட்' அல்லது 'ரிக்வெஸ்டட்'.

மதிப்பெண் போவது பெரும்பாலும் வேறிடத்தில். மூலத்தில் வெறும் 'ஹி செட்' என்று, ஆளே இல்லாமல் இருக்கும். விதியை மனப்பாடம் செய்தவர் அதையும் 'ஹி டோல்ட் தட்' என்று மாற்றிவிடுவார். 'செட் டு' இருந்தால்தான் மாற்றம். வெறும் 'செட்' அப்படியே 'செட்'டாக இருக்கட்டும்.

14. ஆபீஸ் மெயில்ல "இட் வாஸ் டோல்ட் தட்…"னு நிறையப் பேர் எழுதறாங்களே?

தவிர்க்க வேண்டிய வாக்கியம். 'டெல்'லின் செயப்படுபொருள் ஆள் என்று 4-ஆம் கேள்வியில் பார்த்தோம். செயப்பாட்டு வினையாக்கும்போது செயப்படுபொருள்தான் எழுவாய் இடத்துக்கு வரும். ஆகவே அங்கே ஆள்தான் நிற்க வேண்டும், 'இட்' அல்ல: 'வி வேர் டோல்ட் தட் த ஆபீஸ் வுட் பி க்ளோஸ்ட்'. 'எங்களுக்குச் சொல்லப்பட்டது' என்பதன் நேர் வடிவம் இதுதான்.

'சே'க்கு இது தலைகீழ். அதன் செயப்படுபொருள் செய்தி. ஆளை அது நேராகப் பிடிப்பதில்லை. எனவே 'ஐ வாஸ் செட் தட்' என்று ஒருபோதும் வராது. 'இட் இஸ் செட் தட்' வரும். ஆனால் அதன் பொருள் 'அப்படி ஒரு பேச்சு இருக்கிறது', 'என்பார்கள்' என்பது. நேற்றுக் கூட்டத்தில் மேலாளர் அறிவித்ததற்கு அது பொருந்தாது. அதற்கு 'இட் வாஸ் அனௌன்ஸ்ட் தட்' இருக்கிறது.

15. "ஹி இஸ் செட் டு பி ரிச்", "ஹி வாஸ் டோல்ட் டு வெயிட்" – ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே?

தோற்றம்தான் ஒன்று. 'ஹி இஸ் செட் டு பி ரிச்' என்றால் அவர் பணக்காரர் என்று ஊர் சொல்கிறது. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. 'ஹி வாஸ் டோல்ட் டு வெயிட்' என்றால் அவரைக் காத்திருக்கச் சொன்னார்கள், சொன்னது அவரிடமே. முன்னது அவரைப் பற்றிய பேச்சு, பின்னது அவருக்கு இட்ட கட்டளை. இடம் மாற்றிப் போட்டால் கேலிக்கூத்து: 'ஹி வாஸ் டோல்ட் டு பி ரிச்' என்றால் 'பணக்காரனாக இரு' என்று அவருக்கு யாரோ உத்தரவு போட்டதாகிவிடும்.

16. போர்டு, கடிகாரம், கடிதம் – இதெல்லாம் 'சொல்லும்'போது?

எழுதியிருப்பதை அப்படியே எடுத்துச் சொல்வதானால் 'சே': 'த க்ளாக் செஸ் டென்', 'த நோட்டீஸ் செஸ் நோ என்ட்ரி'. தமிழில் 'போட்டிருக்கிறது' என்போமே, அதுதான். 'போர்டில் என்ன போட்டிருக்கு?' என்பதற்கு 'வாட் டஸ் த போர்டு சே?' படிப்பவருக்கு வழிகாட்டுகிறது என்ற பொருளில் 'டெல்'லும் வரும், ஆளோடு: 'த லேபிள் டெல்ஸ் யூ ஹௌ டு வாஷ் இட்'.

17. "ஐ கான்ட் டெல்"னா 'என்னால சொல்ல முடியாது'ன்னு அர்த்தமா?

பெரும்பாலும் 'எனக்குத் தெரியவில்லை', 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று பொருள். 'கேன்', 'குட்' இவற்றோடு சேரும்போது 'டெல்'லுக்கு அடையாளம் காணுதல் என்ற அர்த்தம் வந்துவிடுகிறது. இரட்டைக் குழந்தைகளில் யார் யார் என்று தெரியாமல் திணறினால் 'ஐ கான்ட் டெல் தெம் அபார்ட்'. முகத்தைப் பார்த்தே களைப்பு தெரிந்தால் 'ஐ கேன் டெல் யூ ஆர் டயர்ட்'. இதில் 'யூ ஆர் டயர்ட்' முழுவதும் செய்தி, 'டெல் யூ' என்று பிரித்துப் படித்தால் பொருள் கெடும். தமிழிலும் 'பார்த்தாலே சொல்லிடலாம்' என்று இதே வேலைக்குச் 'சொல்'லைக் கூப்பிடுகிறோம், ஆகவே இது அவ்வளவு அந்நியமில்லை.

'வெளியில் சொல்லக்கூடாது' என்ற பொருள் வேண்டுமானால் ஆளைச் சேருங்கள்: 'ஐ கான்ட் டெல் யூ'.

18. பேங்க்ல பணம் எண்றவரை ஏன் 'டெல்லர்'னு சொல்றாங்க? அவர் எதையும் சொல்றதில்லையே?

'டெல்' என்பதன் பழைய பொருள்களில் ஒன்று எண்ணுதல். பழைய ஆங்கிலத்தில் 'டெல்லான்' என்ற வினைக்கு எண்ணுவது, விவரிப்பது என்று இரண்டு பொருளும் உண்டு. அந்தப் பழைய பொருள் 'டெல்லர்' என்ற சொல்லில் உயிரோடு இருக்கிறது. 'ஆல் டோல்ட்' என்றால் 'எல்லாவற்றையும் எண்ணிக் கூட்டினால்'. 'அன்டோல்ட் வெல்த்' என்றால் சொல்லப்படாத செல்வம் அல்ல, எண்ணிலடங்காத செல்வம்.

ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் இந்த இரண்டு பொருளும் இன்னும் அருகருகே இருக்கின்றன: 'ட்ஸேலன்' எண்ணுவது, 'எர்ட்ஸேலன்' கதை சொல்வது. நிகழ்ச்சிகளை ஒன்று, இரண்டு என்று வரிசையாக எடுத்து வைப்பதுதானே கதை சொல்வது? தமிழில் 'எண்' என்ற ஒரே வேர் கணக்குக்கும் நினைப்புக்கும் பொதுவாக இருப்பதை நினைத்துக்கொண்டால் இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. 7-ஆம் கேள்வியில் கதை ஏன் 'டெல்' பக்கம் போயிற்று என்பதற்கும் இங்கே ஒரு தடயம் கிடைக்கிறது.

19. "ஷி டோல்ட் த ஸ்டோரி டு ஹெர் சில்ட்ரன்" – 'டோல்ட் டு' தப்புன்னு சொன்னீங்களே?

தவறு என்றது 'டோல்ட்'டை ஒட்டியே 'டு' வருவதை. இங்கே இரண்டுக்கும் நடுவில் 'த ஸ்டோரி' உட்கார்ந்திருக்கிறது. 'கிவ்' என்ற வினையை நினைத்துக்கொள்ளுங்கள்: 'கிவ் ஹிம் த புக்', 'கிவ் த புக் டு ஹிம்'. பொருள் முன்னால் வந்தால் ஆள் பின்னால் போய் 'டு'வைப் பிடித்துக்கொள்கிறார். 'டெல்'லும் அப்படித்தான், ஆனால் கதை, ரகசியம் போன்ற பெயர்ச்சொற்களோடு மட்டும். 'தட்' என்று தொடங்கும் நீண்ட செய்தியோடு இந்த மாற்றம் நடக்காது.

20. 'உன்கிட்ட என்ன சொன்னான்?' – "வாட் டிட் ஹி சே டு யூ?"வா, "வாட் டிட் ஹி டெல் யூ?"வா?

இரண்டும் சரி, ஆனால் கேட்பது வேறு வேறு. அழுதுகொண்டு வந்து நிற்கும் குழந்தையிடம் கேட்பது 'வாட் டிட் ஹி சே டு யூ?' என்ன வார்த்தை சொல்லித் திட்டினான், எது சுட்டது என்பது அந்தக் கேள்வி. விசாரித்துவிட்டு வந்தவரிடம் கேட்பது 'வாட் டிட் ஹி டெல் யூ?' என்ன தகவல் கிடைத்தது என்பது அந்தக் கேள்வி.

தனக்குத்தானே சொல்லிக்கொள்வதிலும் இந்த வாசம் உண்டு. 'ஐ செட் டு மைசெல்ஃப்' என்றால் மனத்துக்குள் ஒரு நினைப்பு ஓடியது. 'ஐ டோல்ட் மைசெல்ஃப்' என்றால் தன்னைத்தானே தேற்றிக்கொண்டது, நம்பவைத்துக்கொண்டது. 'இட்ஸ் ஓகே' என்று உள்ளுக்குள் பலமுறை சொல்லிக்கொள்பவருக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

21. "ஹௌ டு யூ டெல் திஸ் இன் இங்கிலிஷ்?"

'டெல்' அல்ல, 'சே': 'ஹௌ டு யூ சே திஸ் இன் இங்கிலிஷ்?' இங்கே தகவல் யாருக்கும் போகவில்லை. வாயில் எந்தச் சொல் வரவேண்டும் என்பதுதான் கேள்வி.

22. போன் எடுத்ததும் 'சொல்லுங்க'ங்கிறதை "டெல் மீ"ன்னு சொல்லலாமா?

இலக்கணத்தில் குறையில்லை, தொனியில்தான் குறை. 'சொல்லுங்க' என்பதில் உள்ள பணிவை 'ங்க' தாங்கி நிற்கிறது. 'டெல் மீ'க்கு அந்தத் தாங்கல் இல்லை. தமிழ் அறியாதவர் காதில் 'சொல்லு' என்று அதட்டியதுபோல் விழலாம். 'யெஸ், ப்ளீஸ் கோ அஹெட்' அல்லது 'ஹௌ கேன் ஐ ஹெல்ப்?' என்றால் அதே இதம் வரும்.

இதோடு 'டெல் மீ அபௌட் இட்' என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒருவர் புலம்பும்போது பதிலுக்கு இதைச் சொன்னால் 'விவரமாகச் சொல்லுங்கள்' என்று பெரும்பாலும் பொருளில்லை. 'அதை ஏன் கேக்கறீங்க, என் கதையும் அதேதான்' என்று பொருள். குரலை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

23. எக்ஸ்ப்ளெயின், சஜஸ்ட், இன்ஃபார்ம் – இதெல்லாம் எந்தக் கட்சி?

எக்ஸ்ப்ளெயின், சஜஸ்ட், மென்ஷன், டிஸ்க்ரைப் ஆகியவை 'சே' கட்சி. ஆளுக்கு முன்னால் 'டு' வேண்டும்: 'ஹி எக்ஸ்ப்ளெயின்ட் இட் டு மீ'. 'எக்ஸ்ப்ளெயின் மீ', 'சஜஸ்ட் மீ' இரண்டும் தவறு. இன்ஃபார்ம், ரிமைன்ட், அஷ்யூர், கன்வின்ஸ் ஆகியவை 'டெல்' கட்சி: 'ஷி ரிமைன்டட் மீ', 'தே இன்ஃபார்ம்ட் அஸ்'.

ஸ்பீக், டாக் இரண்டும் இந்தச் சண்டையிலேயே இல்லை. அவை பேசும் செயலைக் குறிப்பவை, பேசிய செய்தியை அல்ல. 'ஹி ஸ்போக் தட்', 'ஹி டாக்ட் தட்' என்று எழுத வழியில்லை.

24. இந்த மெயிலைத் திருத்திக் கொடுங்க: "ஆஸ் டோல்ட் யெஸ்டர்டே, த மேனேஜர் டோல்ட் தட் த மீட்டிங் ஹாஸ் பீன் கேன்சல்ட். ஹி செட் மீ டு இன்ஃபார்ம் எவ்ரிஒன். ஐ டோல்ட் டு ரவி ஆல்சோ. ஹி டோல்ட் ஓகே."

ஐந்து இடங்கள். 'ஆஸ் டோல்ட் யெஸ்டர்டே' என்பதில் சொன்னவரும் இல்லை, கேட்டவரும் இல்லை. 'ஆஸ் ஐ செட் யெஸ்டர்டே' என்று வையுங்கள். 'ஆஸ் ஐ டோல்ட் யூ' என்பதும் சரிதான், ஆனால் எழுத்தில் 'எத்தனை தடவை சொல்வது' என்ற கடுப்பு அதில் ஏறிவிடும். 'த மேனேஜர் டோல்ட் தட்' 3-ஆம் கேள்வி. 'செட் தட்' ஆக்குங்கள். 'செட் மீ டு இன்ஃபார்ம்' 8-ஆம் கேள்வி. 'ஆஸ்க்ட் மீ டு' மென்மை, 'டோல்ட் மீ டு' உத்தரவு. 'டோல்ட் டு ரவி' 4-ஆம் கேள்வி. 'டோல்ட் ஓகே' 6-ஆம் கேள்வி.

திருத்திய பிறகு: 'ஆஸ் ஐ செட் யெஸ்டர்டே, த மேனேஜர் செட் தட் த மீட்டிங் ஹாஸ் பீன் கேன்சல்ட். ஹி ஆஸ்க்ட் மீ டு இன்ஃபார்ம் எவ்ரிஒன். ஐ டோல்ட் ரவி டூ. ஹி செட் ஓகே.' 'ஹாஸ் பீன்' அப்படியே இருக்கலாம். கூட்டம் ரத்தானது இன்னும் நடப்பில் இருக்கும் செய்தி என்பதால் 'ஹாட் பீன்' என்று பின்தள்ள வேண்டிய கட்டாயமில்லை. இதையே தேர்வில் அயற்கூற்றுப் பயிற்சியாகக் கேட்டால் மட்டும் 'ஹாட் பீன்' எழுதிவிடுங்கள்.